இல்லற மடல்: மழைக்காலத்தில் ஒரு தேனிலவு



தவக்காலம் கழிந்து உயிர்ப்புப் பெருவிழா வந்துவிட்டால், நம் பங்குக் கோவில்களில் ஞாயிறுதோறும் திருமண ஓலைகள் வாசிக்கப்படுவதைக் கேட்கலாம். அவ்வாறு ஓலை வாசிக்கப்படவிருக்கும் ஒரு மகளின் தாய் எனக்கு எழுதிய கடிதத்தையே இம்மாதம் எடுத்துக்கொண்டேன். கடலோரப் பங்கு ஒன்றில் வாழும் அச்சகோதரியின் மகளும், மருமகனாக வரவிருக்கும் இளைஞரும் பெங்களூரில் வேலை செய்பவர்கள். திருமணம் உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த வாரம். அதன்பின் பத்துப் பதினொரு நாட்கள் ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியா நாட்டிற்குச் சென்று, காட்டு விலங்குகளைக் கண்டு, பின்னர் சான்சிபார் தீவின் கடற்கரையில் தங்கி வர இருவரும் விரும்புகின்றனர். தங்கள் சம்பளத்திலிருந்து அதற்கென்று சேமித்தும் வைத்திருக்கின்றனர்.

சிக்கல் இதுதான். ஏப்ரல் மாதம் அங்கே கூட்டமில்லாத காலம், எல்லாம் பாதி விலை என்கிறார் பயண முகவர். வளைகுடா நாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரோ, அது பெருமழைக் காலம், போவது வீண் என்கிறார். இதைக் கேட்ட மணமகன் வீட்டுப் பெரியவர் ஒருவர், "ஜூலையில் அனுப்புங்கள், கூடுதல் செலவைப் பெண் வீடு பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டாராம். பெண்ணின் தந்தை எட்டுச் சவரன் நகையை வங்கியில் அடகு வைக்க முனைந்து நிற்கிறார். "ஐயா, அடகு வைத்து ஜூலையில் அனுப்புவதா, ஏப்ரலிலேயே மழையில் அனுப்புவதா?" என்று கேட்டு முடிகிறது கடிதம்.

சகோதரி அவர்களே, முதலில் நகையைப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டுங்கள். சீர்வரிசையின் பட்டியல் நம்மிடையே ஏற்கெனவே நீண்டது. அதில் தேனிலவையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், அடுத்த வீட்டுப் பெண்ணின் தந்தைக்கும் அந்த வரி போய்ச் சேரும். பிள்ளைகள் தாங்களாகச் சேர்த்த பணத்தில் தாங்களாகப் போக நினைப்பது நல்ல செய்தி. அதைக் கெடுக்காதிருப்பதே பெரியவர்களின் வேலை. உங்கள் கணவரிடம் இவ்வளவையும் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். வருத்தம் வந்தால் என்மேல் வரட்டும்.

இனி மழையைப் பற்றி. இதில் எனக்குச் சிறிது அனுபவம் உண்டு. 1980களில் நானும் என் மனைவியும் கிளிமாஞ்சாரோ மலையடிவாரத்திலுள்ள மோஷி நகரின் அருகே ஐந்தாண்டுகள் ஆசிரியப் பணி செய்தோம். திருமணமான ஏழாம் மாதம் அங்கே போய் இறங்கினோம். எனவே தேனிலவு என்று ஒன்று எங்களுக்கு இருந்ததென்றால் அது அந்நாட்டில்தான் கழிந்தது. 2023ஆம் ஆண்டில் மகனோடு மீண்டும் ஒருமுறை சென்று வந்தேன்.

அந்நாட்டில் மழை இருமுறை வரும். மார்ச் முதல் மே வரை பெய்வது நெடுமழை. சுவாகிலி மொழியில் அதற்கு 'மசிக்கா' என்று பெயர். நவம்பரை ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்வது குறுமழை, அது 'வூலி'. ஜூன் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். உலகத்தார் எல்லாரும் அந்த வறண்ட காலத்தில்தான் அங்கே திரள்கின்றனர். அப்போது புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், தண்ணீர் உள்ள இடங்களுக்கு விலங்குகள் கூடி வரும், காண்பது எளிது. ஆனால் ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது முப்பது வண்டிகள் நிற்பதையும் அப்போதுதான் காணலாம். ஜூலைக்குப் பிறகு மாரா ஆற்றைக் காட்டுமாட்டுக் கூட்டங்கள் கடக்கும் காட்சி புகழ்பெற்றது. அதைக் கண்டு வந்த ஒருவர் தம் படங்களை எனக்குக் காட்டினார். ஆற்றைவிட வண்டிகளே படத்தில் அதிகம் இருந்தன.

உறவினர் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. சான்சிபாரில் ஆண்டிலேயே மிகுதியாக மழை பெய்யும் மாதம் ஏப்ரல்தான். சில நாட்களில் இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் வந்துவிடும்; சில நாட்களில் காலை முதல் மாலை வரை விடாது. எந்த நாள் எப்படி இருக்கும் என்று எந்த முகவரும் உறுதி தர முடியாது. ஆயினும் மழைக்காலத்தில் எங்கும் போகலாகாது என்பதும் சரியன்று. எந்த இடம் மழையைத் தாங்கும், எது தாங்காது என்று அறிந்து பிரித்துக்கொண்டால் போதும்.

மழையைத் தாங்கும் இடங்களில் முதலாவது ஙொரொங்கொரோ. முன்னொரு காலத்தில் எரிமலையாக இருந்து வாய் சரிந்து விழுந்ததால் உண்டான பெரும் பள்ளம் அது. ஏறத்தாழ 600 மீட்டர் ஆழம். அடித்தளம் மட்டும் 260 சதுரக் கிலோமீட்டர் பரப்பு. உள்ளே ஒரு சோடா ஏரி, ஒரு சிறு காடு, சதுப்பு நிலம், புல்வெளி எல்லாம் இருக்கின்றன. நீரும் புல்லும் ஆண்டு முழுவதும் கிடைப்பதால் அங்குள்ள சிங்கம், யானை, எருமை, வரிக்குதிரை, அரிதான கறுப்புக் காண்டாமிருகம் முதலியவற்றில் பெரும்பான்மை வேறெங்கும் பெயர்ந்து போவதில்லை. ஆகவே ஏப்ரலிலும் அவை அங்கேயே இருக்கும். பள்ளத்தின் விளிம்பு 2,300 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் காலையில் மூடுபனி கிடந்து, கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியாது. இறங்க இறங்கப் பனி மேலே நின்றுவிடும். கீழே பச்சைப் பசேலென்ற புல்வெளி விரியும். வறண்ட மாதங்களில் அதே இடம் புழுதி மண்டிக் கிடக்கும். நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன். எனக்கு ஏப்ரலே பிடித்திருந்தது.

கம்பளிச் சட்டை இருவருக்கும் கட்டாயம் வேண்டும். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று எண்ணிப் பருத்தியாடை மட்டும் எடுத்துச் செல்பவர்கள் அந்த விளிம்பில் நடுங்குவர்.

இரண்டாவது இடம் செரங்கெட்டியின் நடுப்பகுதியாகிய செரொனேரா. செரங்கெட்டி தேசியப் பூங்கா 1951இல் நிறுவப்பட்டது. பரப்பு 14,763 சதுரக் கிலோமீட்டர். பத்து லட்சத்திற்கு மேற்பட்ட காட்டுமாடுகள் மழையைத் தேடி ஆண்டுதோறும் அங்கே வட்டமிட்டு வருகின்றன. பிப்ரவரியை ஒட்டித் தெற்குச் சமவெளியில் கன்று ஈன்று, ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் கன்றுகளோடு நடுப்பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் நீண்ட வரிசையாக நகரத் தொடங்கும். இவை எந்த நாளில் எங்கே நிற்கும் என்பது மழையைப் பொறுத்தது. ஆனால் செரொனேரா ஆற்றோரத்துச் சிங்கங்களும் சிறுத்தைகளும் ஆண்டு முழுவதும் அப்பக்கத்திலேயே உள்ளவை. புல் உயர்ந்திருப்பதால் அவற்றைக் காணப் பொறுமை வேண்டும். ஓட்டுநரை "அடுத்தது என்ன?" என்று நச்சரிக்காமல், ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் அமைதியாக அமர்ந்திருக்கப் பழகுங்கள். கூட்டமில்லாத காலத்தில்தான் அது முடியும்.

அப்படி அமர்ந்திருக்கையில் புதர் ஓரத்தில் 'டிக்டிக்' என்னும் சிறு மானைப் பாருங்கள். முழங்கால் அளவு உயரம். ஐந்து கிலோ எடை இருந்தால் அதிகம். அது இருக்குமிடத்தில் பெரும்பாலும் இன்னொன்றும் பக்கத்தில் இருக்கும். வாழ்நாள் முழுவதும் ஒரே இணையோடு ஒரே நிலத்தில் வாழும் இனம் அது. சிங்கத்தைத் தேடி ஓடுபவர்கள் இதைக் கவனிப்பதேயில்லை.

இவ்விரு இடங்களுக்கும் இடையிலுள்ள ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் ஒரு மணி நேரம் இறங்கிப் பார்க்கலாம். லூயி லீக்கி, மேரி லீக்கி என்னும் ஆராய்ச்சியாளர்களான கணவனும் மனைவியும் அந்தப் பள்ளத்தாக்கில் பல பருவங்கள் அகழ்ந்து தேடினர். 1959 ஜூலை மாதம் ஒரு நாள், கணவர் காய்ச்சலோடு கூடாரத்தில் படுத்திருக்க, மனைவி தனியே சென்று, ஏறத்தாழ 17½ லட்சம் ஆண்டுப் பழமையான மண்டையோடு ஒன்றைக் கண்டெடுத்தார். புதுமணத் தம்பதியர் நின்று கேட்க வேண்டிய கதை என்று நான் கருதுகிறேன்.

வழியில் மாசாய் மக்களின் குடியிருப்புகளும் மாட்டு மந்தைகளும் தென்படும். செரங்கெட்டியில் மேய்ச்சல் உரிமை இழந்து 1959இல் ஙொரொங்கொரோ பகுதிக்கு ஒதுங்கிய மக்கள் அவர்கள். அண்மையில், 2022 முதல், அவர்களுள் பல குடும்பங்கள் தொலைவிலுள்ள ம்சோமெரா என்னும் ஊருக்குப் பெயர்க்கப்பட்டுள்ளன. அது குறித்துக் கடுமையான வழக்கும் வாதமும் உண்டு. கேளாமல் அவர்களைப் படம் பிடிக்காதீர்கள். கேட்டுவிட்டுப் பிடியுங்கள், கேட்கும் பணத்தில் பேரம் பேசி அவமதிக்காதீர்கள்.

இனித் தாங்காத இடங்கள். தெற்கேயுள்ள நியெரெரே தேசியப் பூங்காவில் (முன்பு செலூஸ் காப்பகத்தின் பகுதி, 2019இல் பூங்காவாக்கப்பட்டது) ஏப்ரல், மே மாதங்களில் பல தங்குமிடங்கள் மூடிக் கிடக்கும். தரங்கிரே பூங்கா யானைகளுக்குப் பெயர் போனது. ஆனால் வறட்சியில்தான் அவை ஆற்றை நாடி வரும், மழையில் நாலாபக்கமும் சிதறிவிடும். தெற்குச் சமவெளியில் ந்டூட்டு ஏரிப் பக்கத்துத் தடங்கள் அழகானவை. அங்கே நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் முதல் ஆண்டின் ஏப்ரல் விடுமுறையில் வாடகை வண்டி ஒன்றை அமர்த்தி அங்கே போனோம். அம்மண் நம் கோவில்பட்டிக் கரிசலுக்கு உடன்பிறப்பு. மழை பெய்தால் சக்கரத்தை விழுங்கிவிடும். மாலை நான்கு மணிக்கு வண்டி அச்சு வரை புதைந்தது. ஓட்டுநர் புறப்படும்போதே "அந்தப் பக்கம் வேண்டாம்" என்று சொன்னார், நான்தான் வற்புறுத்தினேன். உதவிக்கு வேறு வண்டி எதுவும் இல்லை. கூட்டமில்லாத காலத்தின் மறுபக்கம் அதுதான். இரவு முழுவதும் மூவரும் வண்டிக்குள்ளேயே இருந்தோம். சிங்கம் முழங்கியது, எவ்வளவு தொலைவு என்று தெரியவில்லை. என் மனைவி என்னோடு ஒரு சொல்கூடப் பேசவில்லை. எனக்கோ, தவறு என்னுடையது என்று தெரிந்தும் அதைச் சொல்ல நா எழவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு அவள் தன் போர்வையில் பாதியை எடுத்து என்மேல் போட்டாள். அப்போதுதான், "நான் கேட்டிருக்க வேண்டும்" என்றேன். "ஓட்டுநரிடம் சொல்லுங்கள்" என்றாள். அவரிடமும் சொன்னேன். காலை ஒன்பது மணிக்கு ஒரு லாரி வந்து எங்களை இழுத்துவிட்டது. இன்றுவரை எங்கள் வீட்டில் யாராவது வீம்பு பிடித்தால் 'ந்டூட்டு' என்ற ஒரு சொல் போதும்.

ஆகவே தம்பி, மகளே, உங்கள் ஓட்டுநர் ஒரு தடம் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். வண்டிக்கு நான்கு சக்கர இயக்கம், இரண்டு மாற்றுச் சக்கரங்கள், பிற வண்டிகளோடு பேசும் கம்பியில்லாக் கருவி ஆகியவை உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கித்தான் கூடாரத்தில் தங்கும் திட்டத்தை ஏப்ரலில் தவிர்த்து, கல்லும் மரமும் கொண்டு கட்டிய விடுதிகளைத் தேர்ந்தெடுங்கள்.

முகவர் சொன்ன 'பாதி விலை'யை இப்போது எண்ணிப் பார்ப்போம். இதில்தான் பலர் ஏமாறுகின்றனர். பாதியாகக் குறையக்கூடியது தங்கும் அறையின் வாடகை மட்டும். அதுவும் சில விடுதிகளில்தான். பூங்காவின் நுழைவுக் கட்டணம் ஆளொருவருக்கு 24 மணி நேரக் கணக்கில் வாங்கப்படுவது. அது பெரிதாகக் குறைவதில்லை. ஙொரொங்கொரோப் பள்ளத்தினுள் இறங்க வண்டி ஒன்றுக்குத் தனியே 200 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். மழையானாலும் வெயிலானாலும் ஒன்றே. டீசல், ஓட்டுநர் சம்பளம், வண்டி வாடகை ஆகியவையும் அப்படியே. விமானக் கட்டணம் இந்தியாவின் கோடை விடுமுறையைப் பார்த்து ஏறுமே தவிர ஆப்பிரிக்க மழையைப் பார்த்து இறங்காது. எல்லாம் கூட்டினால் மொத்தச் செலவில் பாதி குறையாது. குறையும் அளவு எவ்வளவோ, அதைத் தனித்தனிக் கணக்காக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் முகவரை விட்டு விலகுங்கள். தான்சானிய அரசின் சுற்றுலா உரிமம் பெற்ற நிறுவனம் எது என்றும், எந்தெந்த விடுதி என்றும் பெயரோடு இருக்க வேண்டும். முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள்.

இன்னொன்று: கூட்டமில்லாக் காலத்தில் கடற்கரை விடுதிகள் பல பழுதுபார்ப்பதற்காக ஏப்ரல், மே மாதங்களில் மூடப்படும், திறந்திருப்பவற்றிலும் சமையற்கூடம் பாதி இயங்கும், பக்கத்தில் கட்டட வேலை நடக்கும். "எங்கள் நாட்களில் என்னென்ன மூடியிருக்கும்?" என்று விடுதிக்கே நேரில் எழுதிக் கேளுங்கள்.

பயண ஒழுங்கைப் பற்றி என் கருத்து. பதினொரு நாட்களில் ஆறு இடங்களைக் காட்டுவதாக அச்சிட்டுத் தரும் திட்டங்கள் இளம் தம்பதியருக்கு ஏற்றவை அல்ல. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, குண்டும் குழியுமான தடங்களில் நாளெல்லாம் குலுங்கி, இரவில் வேறொரு விடுதியில் பெட்டியைத் திறப்பதில் இனிமை எதுவும் இல்லை. திருமண வீட்டின் களைப்பே இன்னும் தீர்ந்திராது. அருஷா நகரில் இறங்கிய முதல் நாள் முழு ஓய்வு. பின்பு காபித் தோட்டங்கள் நிறைந்த கராட்டு என்னும் மலையூரில் இரண்டு இரவுகள். அங்கிருந்தே ஙொரொங்கொரோவிற்குப் போய்த் திரும்பலாம், விளிம்பிலுள்ள விடுதிகளைவிடச் செலவு குறையும், குளிரும் குறையும். அதன்பின் செரொனேராவில் மூன்று இரவுகள், ஒரே விடுதியில். அங்கிருந்து சிறு விமானத்தில் சான்சிபார். அவ்விமானங்களில் ஆளுக்கு 15 கிலோ மட்டும், அதுவும் வளைந்து கொடுக்கும் துணிப்பையில். சீர்வரிசைச் சூட்கேசை அவர்கள் ஏற்ற மாட்டார்கள். காட்டை முதலிலும் கடலைப் பின்னரும் வைத்துக்கொள்வதே முறை. உடல்வலி தீர உப்பு நீரைப்போல் வேறில்லை.

சான்சிபாரில் எந்தக் கரை என்பது பெரிய கேள்வி. கிழக்குக் கரையிலுள்ள பாஜே, ஜம்பியானி ஊர்களில் ஓதம் வற்றும்போது கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். பௌர்ணமி, அமாவாசை நாட்களில் இன்னும் அதிகம். தேனிலவுக்கென்று நிறைநிலா நாளைத் தேர்ந்து போகிறவர்கள், பகலில் குளிக்கக் கடலைக் காணாமல் திகைப்பதை நான் பார்த்திருக்கிறேன். வற்றிய தரையில் பெண்கள் வரிசையாக முளையடித்துக் கடற்பாசி பயிரிடுவதைப் பார்க்கலாம். இராமேசுவரக் கரையோரத்தில் பாசி எடுக்கும் நம் பெண்களை நினைத்துக்கொண்டேன். அங்கே நடக்கும்போது காலணி வேண்டும், கடல் முள்ளெலி குத்தும். ஏப்ரலில் தெற்குக் காற்றாகிய 'கூசி'யும் தொடங்கிவிடும். எனவே வடமுனையிலுள்ள நுங்வி, கெண்ட்வா ஊர்களே அம்மாதத்திற்கு நல்லவை. ஓதத்தால் அங்கே கடல் அவ்வளவு விலகுவதில்லை, பெரும்பாலும் எந்நேரமும் குளிக்கலாம். மூன்று இரவுகள் அங்கே, இரண்டு இரவுகள் கல் நகரம் என்னும் பழைய பட்டணத்தில். மழை கொட்டினாலும் கல் நகரத்தின் சந்துகளில் ஒரு நாள் போவதே தெரியாது.

அந்நகரத்தின் செதுக்குக் கதவுகளில் பித்தளைக் குமிழ் பதித்தவை நம் நாட்டு வணிகர் வழி வந்தவை. கிராம்பு, சாதிக்காய், பட்டை, ஏலம் விளையும் தோட்டங்களுக்கு ஒரு காலைப்பொழுதில் போய் வரலாம். வழிகாட்டி இலையைக் கசக்கி முகரச் சொல்லிப் பெயர் கேட்பார், நம் சமையலறைப் பெண்கள் தோற்கமாட்டார்கள். புனித சூசையப்பர் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் கடலிலிருந்தே தெரியும். பிரெஞ்சு மறைபணியாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பியது. கோவாவிலிருந்து குடியேறிய நம் நாட்டுக் கத்தோலிக்கரும் அங்கே தலைமுறை தலைமுறையாய் மண்டியிட்டிருக்கின்றனர். ஞாயிறு சுவாகிலி மொழித் திருப்பலிக்குப் போங்கள். சொற்கள் விளங்காவிட்டாலும் பாடற்குழுவைக் கேட்டவர்கள் மறப்பதில்லை. சற்றுத் தொலைவில் ஆங்கிலிக்கன் பேராலயம் உள்ளது. 1873இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை நின்ற இடத்தில் கட்டியது. தேனிலவில் இது எதற்கு என்று மகள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் தயங்கினோம். பார்த்துவிட்டு வந்து இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

தீவின் மக்கள் பெரும்பாலும் இஸ்லாமியர். நகரத்தில் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துவதும், பொது இடத்தில் அடக்கமாக நடப்பதும் அவர்கள் எதிர்பார்ப்பது. நம் பிள்ளைகளுக்கு இது கடினமன்று. ரமலான் மாதம் ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னேறி வருவது. அதனுள் உங்கள் நாட்கள் விழுந்தால் பகலில் உணவு விடுதி கிடைப்பது அரிது.

உடல்நலத்தைப் பற்றிச் சொல்வதைத் தாயும் மகளும் சேர்ந்து படிக்க வேண்டும். தான்சானியாவில் மலேரியா உண்டு; மழைக்காலத்தில் கொசுவும் மிகுதி. முன்காப்பு மாத்திரையைப் புறப்படும் முன்பே தொடங்கித் திரும்பிய பின்னும் சில நாட்களோ வாரங்களோ உட்கொள்ள வேண்டும். திருமணமான உடனே செல்லும் பெண் கருவுற்றிருக்கவும் கூடும். கருவுற்ற பெண்ணுக்கு மலேரியா வந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து மிகப் பெரிது. மாத்திரைகளில் சில கருவுற்றவருக்கு ஆகாதவை. எனவே வெட்கத்தை ஒதுக்கி, "புதிதாகத் திருமணமாகிறது, குழந்தை உண்டாகலாம்" என்று மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி அதற்கேற்ற மருந்தைக் கேளுங்கள். மாலையில் நீண்ட கை உடை, கொசுவலை, தடவும் மருந்து மூன்றும் தேவை. ஊர் திரும்பிய பின் காய்ச்சல் வந்தால், மாதங்கள் சில கடந்திருந்தாலும், ஆப்பிரிக்கா சென்றதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கென்யா அல்லது எத்தியோப்பியாவில் தங்கிச் செல்லும் விமானமென்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டியிருக்கும். 12 மணி நேரத்திற்கு மேல் அங்கே காத்திருந்தாலும் தான்சானியர் அதைக் கேட்பர். சான்றின்றி அந்நாடுகளில் தங்கித் திரும்புவோரை நம் நாட்டு விமான நிலையத்தில் தனிமைப்படுத்தவும் கூடும். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகின்றனர். பயணத்திற்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும், அதாவது திருமணத்திற்கு முன்பே. வளைகுடா வழியாகச் செல்வது இத்தொல்லையைக் குறைக்கும். 2024 அக்டோபர் முதல் சான்சிபார் செல்லும் வெளிநாட்டார் அத்தீவின் அரசு நிறுவனத்தில் 44 டாலருக்குக் காப்பீடு எடுப்பது கட்டாயமாக்கப்பட்டது. உங்களிடம் வேறு காப்பீடு இருந்தாலும் இது தனி. கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காட்டிற்குள் நீல நிறமும் கறுப்பு நிறமும் உடுத்த வேண்டாம். செட்சி ஈக்கள் அவ்விரு நிறங்களையும் நாடி வந்து கடிக்கும். மண் நிறம், இலை நிறம் நல்லது. ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு வண்டிக்கு 20 டாலரை ஒட்டி அன்பளிப்பு வழங்குவது வழக்கம். அவரோடு பேசிக்கொண்டே செல்லுங்கள். ஏழெட்டு மணி நேரம் மூவராகத்தான் இருக்கப் போகிறீர்கள்; அவரை மரம்போல் நடத்துவது முறையன்று.

இவ்வளவும் படித்தபின் மழையை ஏற்க மனம் ஒப்பாவிட்டால் இன்னொரு வழியும் உண்டு. திருமணமான மறுநாளே விமானம் ஏற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஏப்ரலில் கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ நான்கு நாட்கள் அமைதியாகத் தங்கிவிட்டு, நவம்பரில் தான்சானியா போகலாம். அதுவும் கூட்டமில்லாத காலமே. குறுமழை பெரும்பாலும் பிற்பகலில் வந்து போகும். காட்டுமாடுகள் வடக்கிலிருந்து தெற்கே திரும்பிக்கொண்டிருக்கும். அறை வாடகை ஏப்ரலைவிடக் கூடுதலானாலும் ஜூலை அளவுக்கு ஏறாது. இடைப்பட்ட ஏழு மாதங்களில் இருவரும் இன்னும் சிறிது சேர்க்கவும் முடியும். என்னைக் கேட்டால் நவம்பர் என்பேன். என் மனைவியைக் கேட்டேன். "ஏப்ரலே போகட்டும், ஆனால் ந்டூட்டு வேண்டாம்" என்கிறாள். பிள்ளைகளே முடிவு செய்யட்டும். சுவாகிலியில் மணமக்கள் தனித்திருக்கும் முதல் ஏழு நாட்களுக்கு 'ஃபுங்காத்தே' என்று பெயர். அந்த ஏழு நாட்களில் உறவினர் யோசனை சொல்லப் போவதில்லை.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் சகோதரி சிறு எழுத்தில் ஒன்று கேட்டிருக்கிறார்: ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொடுத்து அனுப்பலாமா? அனுப்பலாம். ஆனால் பிளாஸ்டிக் பைகளை அந்நாடு 2019 ஜூன் முதல் தடை செய்திருக்கிறது. விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்வர். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். அதிகம் வேண்டாம். சப்பாத்தி, பிலாவு, சம்பூசா என்ற பெயர்களிலேயே அங்கே எல்லா ஊரிலும் சாப்பாடு கிடைக்கும்.